ஒன்ராறியோ நகரசபைக் கூட்டத்தில் சூம் வழியாகப் பங்குபற்ற, நடைமுறை பைலோவில் என்னென்ன இருக்கவேண்டும்?

பனங்கூடல்

வணக்கம் உறவுகளே.

ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள சிறிய நகரசபை ஒன்று. மேயரோடு சேர்த்து ஏழு பேர். நடைமுறை பைலோவை (கூட்டங்கள் எப்படி நடக்கவேண்டும் என்று சபையே இயற்றும் உள்ளூர்ச் சட்டத்தை) இப்போது திருத்துகிறார்கள். 2026 ஒக்ரோபர் 26 தேர்தலில் வரும் புதிய சபை நவம்பர் 15இலிருந்து இதன்படிதான் கூடும். எங்களைப்போன்ற ஆலோசனைக் கொமிற்றிகளிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்.

வரைவில் இணையவழிப் பங்கேற்பைப் பற்றி இருப்பது ஒரேயொரு வரி: "உறுப்பினர் ஒருவர் கிளார்க்கின் அனுமதியோடு மின்னணு முறையில் கூட்டத்தில் பங்குபற்றலாம்."

(கிளார்க் என்பவர் கூட்டங்களையும் பதிவுகளையும் கவனிக்கும் நகரசபை ஊழியர்.) இது போதுமா? வீட்டிலிருந்து வருபவர் கோரத்தில் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்தொகை; ஊரில் கூட்ட நடப்பெண் என்போமே, அது) எண்ணப்படுவாரா? மூடிய அமர்வில் அவர் இருக்கலாமா? வாக்கெடுப்பு நடக்கும்போது இணைப்பு அறுந்தால் அவருடைய வாக்கு என்னவாகும்? யூரியூப் ஒளிபரப்பு இடையில் நின்றுவிட்டால் கூட்டத்தைத் தொடரலாமா? சட்டப் பிரிவோடு சொன்னால் கருத்துக் கடிதத்தில் அப்படியே குறிப்பிடலாம்.

---

மேசைக்குறிப்பு

போதாது. ஏன் போதாது என்று பார்க்க 2001ஆம் ஆண்டு முனிசிபல் சட்டத்தின் 238ஆம் பிரிவை முதலில் வாசியுங்கள். அந்தச் சட்டம் எந்த உறுப்பினருக்கும் நேரடியாக இணையவழி உரிமை கொடுக்கவில்லை. "பைலோ அப்படி ஏற்பாடு செய்யலாம்" என்று மட்டும்தான் சொல்கிறது. பைலோவில் எழுதப்படாதது இல்லாதது.

அங்கே மூன்று அனுமதிகள் தனித்தனியாக இருக்கின்றன. உறுப்பினர் மின்னணு முறையில் பங்குபற்றலாம் என்பது ஒன்று. அப்படிப் பங்குபற்றுபவரைக் கோரத்தில் எண்ணலாம் என்பது இன்னொன்று. திறந்த கூட்டம், மூடிய கூட்டம் இரண்டிலும் பங்குபற்றலாம் என்பது மூன்றாவது. உங்கள் வரைவின் ஒற்றை வரி முதலாவதை மட்டுமே தொடுகிறது. ஆகவே அந்த வரைவின்படி வீட்டிலிருந்து வருபவர் பேசலாம். ஆனால் அவரைக் கோரத்தில் எண்ணினால் அல்லது மூடிய அமர்வில் இருத்தினால், பைலோவில் இடமில்லாத ஒன்றைச் செய்ததாக எவரும் கேள்வி எழுப்பலாம். பைலோ ஒன்று சட்டவிரோதமானது என்று அதை நீக்கக் கோரி, நிறைவேறி ஒரு வருடத்துக்குள் 273ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். நகரத்தின் சொத்துவரி வீதமும் பைலோவாகவே நிறைவேறுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய பைலோவிலிருந்து பிரதி எடுத்து ஒட்டும்போது இரண்டு மிச்சங்கள் வந்து சேர்வதுண்டு. 2018 ஜனவரி முதல் இணையவழிப் பங்கேற்பு வந்தபோது, அப்படி வருபவரைக் கோரத்தில் எண்ணமுடியாது, மூடிய அமர்வில் அவர் இருக்கவும் முடியாது என்று சட்டமே சொன்னது. 2020 மார்ச்சில் அவசரநிலை பிரகடனமாகியிருக்கும் காலத்துக்கு மட்டும் அந்தத் தடை தளர்ந்தது. அதே வருடம் ஜூலையில் அவசரநிலை என்ற நிபந்தனையும் எடுக்கப்பட்டது. "கோரத்தில் எண்ணப்படமாட்டார்" என்றோ "அவசரநிலைக் காலத்தில் மட்டும்" என்றோ உங்கள் பைலோவில் எங்காவது ஒரு மூலையில் கிடந்தால் அவை அந்தக் காலங்களின் எச்சம். சட்டம் மாறியதால் அந்த வரிகள் தாமாக மாறிவிடாது. பைலோவில் இருக்கும்வரை உங்கள் சபையைக் கட்டுப்படுத்தும். தேடி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

"கிளார்க்கின் அனுமதியோடு" என்ற சொற்களையும் ஏற்காதீர்கள். மக்கள் தெரிவுசெய்த ஒருவர் கூட்டத்தில் இருக்கலாமா இல்லையா என்பதை ஓர் ஊழியர் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது. சர்ச்சைக்குரிய வாக்கெடுப்பு நாளில் அனுமதி மறுத்தாலும் பிழை, கொடுத்தாலும் பிழை என்று கிளார்க் அகப்பட்டுக்கொள்வார். அனுமதிக்குப் பதிலாக அறிவித்தல் என்று வையுங்கள்: கூட்ட நாள் மதியம் 12 மணிக்குள் கிளார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பவேண்டும், அனுப்பினால் லிங்க் வரும். வருடத்தில் இத்தனை கூட்டத்துக்குத்தான் என்ற உச்ச வரம்பு வேண்டுமென்றால் அதைச் சபையே எண்ணாகப் பைலோவில் எழுதட்டும். "எந்த அளவுக்கு, எந்த முறையில்" என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் பைலோவுக்குக் கொடுத்திருக்கிறது.

இனி வாக்கு. இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. 246ஆம் பிரிவின்படி, பெயர் சொல்லிப் பதியும் வாக்கெடுப்பில் சமுகமளித்திருக்கும் உறுப்பினர், வாக்களிக்கும் தகுதியிருந்தும் வாக்களிக்காவிட்டால், அது எதிர்வாக்காகக் கொள்ளப்படும். 245ஆம் பிரிவின்படி சம வாக்கு என்றால் பிரேரணை தோற்றது. இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் கூட்டத்தில் இருக்கிறார்கள். மூவர் ஆம், இருவர் இல்லை. ஆறாமவர் வீட்டிலிருந்து வந்தவர். திரையில் முகம் உறைந்து நிற்கிறது, சத்தம் இல்லை. அவர் "சமுகமளித்திருக்கிறார்" என்றால் அது எதிர்வாக்கு. 3-3, பிரேரணை தோற்றது. "சமுகமளிக்கவில்லை" என்றால் 3-2, நிறைவேறியது. ஒரே வாக்கெடுப்பு, இரண்டு முடிவு. எது சரி என்பதை அந்த நேரத்தில் தலைவர் தன் விருப்பப்படி தீர்மானித்தால் அது பெரும் பிரச்சினையாகும். முதலிலேயே எழுதிவைக்கவேண்டும்.

நான் பரிந்துரைக்கும் வாசகம்: "மின்னணு முறையில் பங்குபற்றும் உறுப்பினரின் இணைப்புத் துண்டிக்கப்பட்டதாகத் தலைவர் அறிவித்த நேரத்திலிருந்து, அவர் மீண்டும் இணைந்ததாக அறிவிக்கப்படும் நேரம்வரை, அவர் சமுகமளிக்காதவராகக் கொள்ளப்படுவார். இரண்டு நேரங்களையும் கிளார்க் கூட்டறிக்கையில் பதிவார்." இதோடு, வாக்கெடுப்புக்கு முன் இணையவழியில் உள்ள ஒவ்வொருவரையும் தலைவர் பெயர் சொல்லி அழைத்துக் குரல் கேட்கிறதா என்று உறுதிசெய்யவேண்டும். பதில் இல்லையென்றால் 30 வினாடி கழித்து இன்னொருமுறை. அதற்கும் பதில் இல்லையென்றால் துண்டிக்கப்பட்டதாக அறிவிக்கலாம். திரையில் கை உயர்த்தும் சின்னத்தை வாக்காக ஏற்காதீர்கள். அது முந்தைய வாக்கெடுப்பிலிருந்து இறக்க மறந்த கையாகவும் இருக்கலாம். குரலால் ஆம், இல்லை என்றே சொல்லவேண்டும்.

கோரம் இடையில் உடைந்தால் என்ன செய்வது என்பதும் அதே இடத்தில் வரவேண்டும். ஏழு பேர் சபைக்கு நான்கு. மண்டபத்தில் மூவர், சூமில் இருவர் என்று தொடங்கிய கூட்டத்தில் அந்த இருவரும் அறுந்தால் மூவர்தான் மிச்சம். பெரும்பாலான பைலோக்கள் கூட்டம் தொடங்கும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்கின்றன. நடுவில் உடைவதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 15 நிமிட இடைவேளை, அதற்குள் கோரம் திரும்பாவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும், அப்போது இருந்தவர்களின் பெயர் பதியப்படும் என்று எழுதுங்கள்.

தலைவர் வீட்டிலிருந்து நடத்தலாமா? சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய இணைப்பு அறுந்த கணமே மண்டபத்தில் யார் தலைமை என்ற கேள்வி வரும். தலைமை வகிப்பவர் மண்டபத்தில் இருக்கவேண்டும், மேயர் இணையவழியில் வரும் நாளில் துணை மேயர் தலைமை வகிப்பார் என்று வைப்பதே நல்லது.

இவையெல்லாம் உங்கள் ஆலோசனைக் கொமிற்றிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

---

செவ்வந்தி

ஒளிபரப்பு நின்றால் கூட்டமும் நிற்கவேண்டும். இதில் இடைப்பட்ட நிலை இல்லை.

239ஆம் பிரிவு: விதிவிலக்குக்குள் வராத கூட்டம் எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும். மண்டபக் கதவு திறந்திருந்து ஆட்கள் உள்ளே வந்து இருக்கக்கூடிய கலப்புக் கூட்டமென்றால் கதவு ஒரு வழி, யூரியூப் இன்னொரு வழி. ஆனால் எல்லோரும் சூமில் இருக்கும் கூட்டத்தில் ஒளிபரப்புத்தான் ஒரே கதவு. அது அறுந்த நிமிடத்திலிருந்து நடப்பது பொதுமக்கள் பார்க்கமுடியாத கூட்டம். பிறகு பதிவை ஏற்றிவிடுகிறோம் என்பது பரிகாரம் ஆகாது. நடக்கும்போதே பார்க்க முடிவதுதான் திறந்த கூட்டம். ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் (அரச அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகத்தின் நிலைப்பாடும் இதுவே. ஒம்புட்ஸ்மனிடம் முறைப்பாடு செய்ய எவருக்கும் செலவில்லை. நகரசபை தனக்கென்று வேறு விசாரணையாளரை நியமிக்காவிட்டால் ஒம்புட்ஸ்மன்தான் விசாரிப்பார். பிழை என்று அறிக்கை வந்தால், அதை எப்படிச் சரிசெய்யப்போகிறோம் என்று சபை தீர்மானம் நிறைவேற்றியே ஆகவேண்டும்.

கலப்புக் கூட்டத்திலும் நின்றுதான் தொடரவேண்டும் என்பது என் கருத்து. லிங்க்கை அறிவித்தலில் போட்டு மக்களை வீட்டில் இருக்கச் சொன்ன பிறகு, "கதவு திறந்துதானே கிடந்தது" என்பது நேர்மையான பதில் அல்ல.

ஒளிபரப்பு அறுந்ததை யார் கவனிப்பது? பைலோ இதைச் சொல்லாவிட்டாலும் கூட்ட நடைமுறைக் குறிப்பில் ஓர் ஊழியரின் பதவி குறிக்கப்படவேண்டும். அவர் மண்டபத்து வைஃபையில் அல்லாமல் கைத்தொலைபேசித் தரவில், கணக்கு எதிலும் உள்நுழையாமல், வெளியாள் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சூமை நடத்தும் கணினியின் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத்தான் தெரியும். வெளியே படம் நின்று பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அதிகம் பிழைப்பது மூடிய அமர்விலிருந்து திரும்பும் இடம். ஒழுங்கு இது. மூடுவதற்கு முன், திறந்த கூட்டத்தில், மூடப்போகிறோம் என்பதையும் விடயத்தின் பொதுத் தன்மையையும் சொல்லித் தீர்மானம் எடுக்கவேண்டும். "சட்ட ஆலோசனை" என்று மொட்டையாகச் சொல்லாமல், "இன்ன வீதியின் காணி விற்பனை தொடர்பான சட்ட ஆலோசனை" என்ற அளவுக்காவது, இரகசியம் கெடாமல் சொல்லவேண்டும். பிறகு ஒளிபரப்பில் "சபை மூடிய அமர்வில் உள்ளது" என்ற அட்டை. திரும்பி வந்ததும் தலைவர் உடனே பேசத் தொடங்கிவிடுவார். வெளியே இன்னும் அட்டைதான் நிற்கும். யூரியூப் ஒளிபரப்பு அரை நிமிடம்வரை பிந்தி வரும். அந்த இடைவெளியில் மூடிய அமர்வின் விளைவான தீர்மானம் ஒன்று வாசிக்கப்பட்டு நிறைவேறிவிட்டால், மூடிய கூட்டத்தில் வாக்கெடுத்ததாகவே அது பார்க்கப்படும். சட்டப்படி மூடிய அமர்வில் எடுக்கக்கூடிய வாக்குகள் நடைமுறை விடயங்களும் ஊழியர்களுக்கோ முகவர்களுக்கோ கொடுக்கும் பணிப்புகளும்தான். ஆகவே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியர் "படமும் சத்தமும் வந்துவிட்டன" என்று சொல்லும்வரை தலைவர் வாய் திறக்கக்கூடாது. மண்டபக் கதவும் அதற்குள் திறந்திருக்கவேண்டும்.

மூடிய அமர்வுக்கு எப்போதும் வேறு லிங்க், வேறு கடவுச்சொல். திறந்த கூட்டத்தின் உள்ளேயே சிறு அறை பிரித்து அதற்குள் போகும் முறை வேண்டாம். ஒளிபரப்பு அந்தக் கூட்டத்தோடு இணைந்தே இருக்கிறது. ஒரு பொத்தான் தவறினால் முடிந்தது. மூடிய லிங்க்கின் அமைப்பில் தானியங்கிப் பதிவு, எழுத்தாக்கம் இரண்டும் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொருமுறையும் பாருங்கள். வீட்டிலிருந்து வருபவர், அறையில் தனியாக இருக்கிறேன், காதில் ஹெட்ஃபோன் போட்டிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அது கூட்டறிக்கையில் பதியப்படவேண்டும். வாகனத்தில் போய்க்கொண்டு மூடிய அமர்வில் இருப்பதைப் பைலோவே தடுக்கட்டும்.

மண்டபச் சத்தம் பற்றி. வீட்டிலிருந்து பேசுபவருக்குத் தன் குரலே அரை வினாடி கழித்துத் திரும்பிக் கேட்டால், சூமிலிருந்து வரும் ஒலி மிக்சர் வழியாகத் திரும்பச் சூமுக்கே போகிறது என்று அர்த்தம். சூமுக்கு அனுப்பும் ஒலியில் மண்டப மைக்குகள் மட்டும் இருக்கவேண்டும், சூமின் ஒலி கழிக்கப்படவேண்டும். மண்டபத்தில் இருக்கும் உறுப்பினர்கள் மடிக்கணினியில் சூமைத் திறந்தால் ஒலியை இணைக்காமலே திறக்கவேண்டும். ஒரு மண்டபத்தில் இரண்டாவது மைக் உயிரோடு இருந்தால் உடனே ஊளையிடும்.

சூமிலிருந்து நேரே யூரியூப்புக்கு அனுப்பினால் அது சூமின் சேவரிலிருந்து போகிறது. மண்டபத்து இன்ரநெற்றைத் தின்னாது. மண்டப இணைப்பு விழுந்தாலும், வேறிடத்தில் உள்ள துணை ஹோஸ்ற் (சூமில் கூட்டத்தை இயக்கும் ஹோஸ்றுக்கு உதவியாளர்) ஒருவர் இருந்தால் கூட்டமும் ஒளிபரப்பும் உயிரோடு நிற்கும். ஆகவே துணை ஹோஸ்ற் வேறு கட்டடத்தில், வேறு இணைப்பில் இருக்கட்டும். ஹோஸ்ற் கணினிக்கு வைஃபை வேண்டாம், கேபிள். புதிய யூரியூப் சானலில் நேரலையை முதன்முறை இயக்க 24 மணிநேரம்வரை எடுக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். கூட்ட நாள் காலையில் தொடங்கினால் மாலைக்கு வராமல் போகலாம்.

---

பனங்கூடல்

மேசைக்குறிப்பு, செவ்வந்தி இருவருக்கும் மிக்க நன்றி. 3-3, 3-2 கணக்கை அப்படியே கடிதத்தில் போடப்போகிறேன்.

இன்னும் சில. பொதுமக்கள் சபைமுன் பேச வருவதற்கு மீற்றிங் நல்லதா வெப்பினார் நல்லதா? எங்கள் பக்கத்தில் தமிழ் முதியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பலரிடம் இருப்பது சாதாரணத் தொலைபேசி. சூமில் மொழிபெயர்ப்பு வசதி உண்டு என்கிறார்கள், அது அவர்களுக்கு உதவுமா? மற்றது, வரமுடியாத உறுப்பினர் தன் வாக்கை இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். அது இருந்தால் இணையவழியே தேவையில்லை என்று ஒருவர் வாதிடுகிறார்.

---

நெய்தல்

மேசைக்குறிப்பு அண்ணா சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்தவேண்டும். 238ஆம் பிரிவில் "கொமிற்றி" என்பதற்கு வரைவிலக்கணம் இருக்கிறது: உறுப்பினர்களில் குறைந்தது 50 வீதத்தினர் ஒரு சபையினதோ உள்ளூர் வாரியத்தினதோ உறுப்பினர்களாக இருக்கவேண்டும். ஒன்பது பேர் கொண்ட மரபுரிமை ஆலோசனைக் கொமிற்றியில் இரண்டு கவுன்சிலரும் ஏழு குடியிருப்பாளரும் என்றால் அது இந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. அப்படியானால் கட்டுப்பாடே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. பெரும்பாலான நகரசபைகள் கொமிற்றியின் பணிப்பத்திரத்தில் (அதன் வேலையையும் அமைப்பையும் வரையறுக்கும் ஆவணத்தில்) "நடைமுறை பைலோ இக்கொமிற்றிக்கும் பொருந்தும்" என்று எழுதிவிடுகின்றன. அப்போது சட்டத்தால் அல்ல, பைலோவால் கட்டுப்படுவீர்கள். பனங்கூடல், உங்கள் கொமிற்றியின் பணிப்பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலக வாரியம் 238, 239ஆம் பிரிவுகளில் சேராது. அதற்குப் பொது நூலகச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. ரொறன்ரோ மாநகரத்துக்கும் 2006ஆம் ஆண்டின் தனிச் சட்டம். ஆகவே ஸ்காபரோவில் இருப்பவர்கள் இந்தத் திரியில் வரும் பிரிவு எண்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தவேண்டாம்.

கைமாற்று வாக்கு 243.1ஆம் பிரிவில் இருக்கிறது. அதுவும் பைலோ இடம் கொடுத்தால் மட்டுமே. அதே சபையின் இன்னோர் உறுப்பினரிடம்தான் கொடுக்கலாம். ஒருவர் ஒரு நேரத்தில் ஒருவருக்காக மட்டுமே வாக்களிக்கலாம். முக்கியமானது: கைமாற்று வாக்கை வைத்திருப்பவர் கோரத்தில் ஒரு ஆளாகவே எண்ணப்படுவார். ஆகவே மூன்று பேர் மண்டபத்தில் இருந்து மூன்று கைமாற்று வாக்குகள் அவர்களிடம் இருந்தாலும் உங்கள் ஏழு பேர் சபையில் கோரம் இல்லை. அதோடு, கைமாற்று வாக்குக் கொடுப்பவர் விவாதத்தைக் கேட்கவில்லை. குடியிருப்பாளர் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பேசியதைக் கேட்டு மனம் மாற அவருக்கு வழியே இல்லை. இணையவழியில் வருபவர் கேட்கிறார், கேள்வி கேட்கிறார், மனம் மாறுகிறார். இரண்டையும் ஒன்றாக வைக்கக்கூடாது.

எவருமே தொடாத ஒன்று: நலன் முரண்பாடு. முனிசிபல் நலன் முரண்பாட்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பணம் சார்ந்த நலன் உள்ளவர் விடயம் எடுக்கப்படுவதற்கு முன் அதை அறிவிக்கவேண்டும். விவாதத்திலும் வாக்கிலும் சேரக்கூடாது. மூடிய அமர்வென்றால் உடனே வெளியேறவும் வேண்டும். வீட்டிலிருந்து வருபவர் எப்படி வெளியேறுவது? கமராவை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பது வெளியேறுவது ஆகாது. காது அங்கேதான் இருக்கிறது. ஹோஸ்ற் அவரைக் காத்திருப்பு அறைக்கு மாற்றவேண்டும், மாற்றிய நேரத்தையும் திரும்பச் சேர்த்த நேரத்தையும் கிளார்க் பதியவேண்டும். திறந்த கூட்டத்திலும் இதையே பழக்கமாக்கினால் எந்தச் சந்தேகமும் எழாது. 2019 மார்ச்சிலிருந்து எழுத்திலும் கிளார்க்கிடம் அறிக்கை கொடுக்கவேண்டும் என்பதால், அந்தப் படிவத்தை மின்னஞ்சலில் ஏற்பதாகப் பைலோவில் ஒரு வரி வேண்டும். பலர் விலகியதால் கோரம் குறைந்தால், மிஞ்சியவர்கள் இரண்டு பேருக்குக் குறையாமல் இருக்கும்வரை அந்த விடயத்துக்கு அவர்களே கோரம் (7ஆம் பிரிவு). இது விலகலுக்கு மட்டும். இணைப்பு அறுந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பொதுமக்கள் பேசுவதற்கு வெப்பினார். மீற்றிங் என்றால் உள்ளே வருபவர் எவரும் தம் பெயரை மாற்றலாம், கமராவைத் திறக்கலாம், திரையைப் பகிர முயலலாம். எல்லாவற்றையும் அணைக்கலாம்தான்; ஆனால் ஒன்றை அணைக்க மறந்த நாளில்தான் ஆபாசப் படத்தோடு ஒருவர் வந்து நிற்பார். வெப்பினாரில் சபை உறுப்பினர்களும் ஊழியரும் பேச்சாளர் பக்கம், மற்றவர்கள் பார்வையாளர் பக்கம். பெயர் கூப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் பேச அனுமதி கொடுத்து, முடிந்ததும் எடுக்கலாம். குழப்பம் விளைவிப்பவரை வெளியேற்றத் தலைமை வகிப்பவருக்கு முனிசிபல் சட்டத்தின் 241ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. திரையில் நடக்கும் குழப்பத்துக்கும் அதையே பயன்படுத்துவதாகப் பைலோவில் சொல்லுங்கள்.

தொலைபேசியில் வருபவர்களுக்கு: கை உயர்த்த நட்சத்திரக் குறியும் 9உம், மியூட் எடுக்க நட்சத்திரக் குறியும் 6உம். இதைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கூட்ட இலக்கத்தோடு, நூலகத்திலும் முதியோர் நிலையத்திலும் வைக்கச் சொல்லுங்கள். தலைவரும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லவேண்டும். கடைசி நான்கு இலக்கத்தைச் சொல்லி அழைப்பார்கள் என்பதையும் முன்கூட்டிச் சொன்னால்தான் முதியவருக்கு விளங்கும்.

சூமின் மொழிபெயர்ப்பு வசதியை நம்பி இவர்களை அழைக்காதீர்கள். தொலைபேசியில் இணைந்தவருக்கு மொழிபெயர்ப்பு ஒலி கிடைக்காது. மூல ஒலி மட்டும்தான். கணினியிலோ ஸ்மார்ட்போன் செயலியிலோ வருபவர்தான் மொழியைத் தெரிவுசெய்ய முடியும். சாதாரணத் தொலைபேசிக்காரருக்கு வழி: மொழிபெயர்ப்பாளர் இன்னொரு தொலைபேசி மாநாட்டு இலக்கத்தில் இருந்து, ஒளிபரப்பைக் கேட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பது. முதியவர் சபைமுன் பேசவேண்டிய நேரத்தில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பு. அப்போது நேரத்தை இரட்டிப்பாக்கவேண்டும். ஐந்து நிமிடம் என்றால் பத்து. பைலோவில் "மொழிபெயர்ப்போடு பேசுபவருக்கு இருமடங்கு நேரம்" என்று எழுதாவிட்டால், இரண்டரை நிமிடத்தில் அவரை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு வரிக்காகக் கடிதத்தில் வலியுறுத்திக் கேளுங்கள்.

---

மேசைக்குறிப்பு

நெய்தல் சொன்னது சரி. கொமிற்றி வரைவிலக்கணத்தை நான் விட்டுவிட்டேன். ஆலோசனைக் கொமிற்றிகளுக்குப் பைலோ பொருந்துமா, எந்தப் பகுதிகள் பொருந்தும் என்று பைலோவிலேயே ஓர் உட்பிரிவு கேளுங்கள்.

காணி விடயங்களைத் தனியாகப் பாருங்கள். வீட்டு விரிவாக்கத்துக்குச் சிறுவிலக்கு (மண்டல பைலோவின், அதாவது காணிப் பயன்பாட்டு விதியின், சிறு தளர்வு) கேட்டு வரும் விண்ணப்பங்களை விசாரிக்கும் கொமிற்றி ஒரு தீர்ப்பாயம்போல் இயங்குவது. அதன் மின்னணு விசாரணைக்குச் சட்டபூர்வ அதிகாரங்கள் நடைமுறைச் சட்டம் பொருந்தும். அதன்படி விசாரணை முழுவதும் தரப்பினரும் உறுப்பினர்களும் ஒருவரையொருவர் கேட்கக்கூடியதாக இருக்கவேண்டும். விண்ணப்பதாரருக்கு இரண்டு நிமிடம் சத்தம் கேட்காமல் போனால், அந்த இரண்டு நிமிடத்தில் பேசப்பட்டதைத் திரும்பப் பேசவைக்கவேண்டும். சிறுவிலக்குக்குப் பத்து நாள் முன்னும், மண்டல பைலோ மாற்றத்துக்கான பொதுக்கூட்டத்துக்கு இருபது நாள் முன்னும் அறிவித்தல் போகிறது. கூட்டத்துக்கான இணைய முகவரி அந்தத் தாளில் அச்சாகிவிடும் என்பதால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிதாக உருவாகும் லிங்க்கை அதில் போடக்கூடாது. நகரசபை இணையத்தளத்தில் மாறாத ஒரு பக்கத்தின் முகவரியைப் போட்டு, லிங்க்கை அந்தப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நாளில் லிங்க் மாறி, மக்கள் வெற்று அறையில் காத்திருந்தால் அறிவித்தலே குறைபாடானது என்ற வாதம் வரும்.

செயற்கை நுண்ணறிவுக் குறிப்பெடுப்பான்கள் இப்போது புதிய தலையிடி. உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் இணைந்திருக்கும் குறிப்பெடுப்பான், அவர் வராவிட்டாலும் கூட்டத்துக்குள் தானாக நுழையப் பார்க்கும். மூடிய அமர்வில் அது இருந்தால், இரகசிய ஆலோசனை முழுவதும் வெளி நிறுவனத்தின் சேவரில் எழுத்தாகக் கிடக்கும். மூடிய லிங்க்கில் காத்திருப்பு அறை கட்டாயம். கிளார்க் முகம் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே எடுக்கவேண்டும். பெயர்ப் பட்டியலில் ஆள் அல்லாத எதுவும் இருந்தால் தொடங்கக்கூடாது. திறந்த கூட்டத்தில் சாட் பெட்டியை முழுதாக அணைத்துவிடுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் எழுதுவதைப் பொதுமக்கள் பார்க்கமுடியாது, ஆனால் அது தகவல் கோரிக்கைக்கு உட்படும் பதிவாகிவிடும்.

கூட்டறிக்கை சட்டப்படி குறிப்போ கருத்தோ இல்லாமல் தீர்மானங்களையும் நடவடிக்கைகளையும் பதிவது. காணொளி அதற்குப் பதிலாகாது. ஆனால் காணொளியை இணையத்தளத்தில் ஏற்றினால் அதற்கு எழுத்துவரி (பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது) வேண்டும்: ஒன்ராறியோவின் அணுகல்தன்மை ஒழுங்குவிதி நேரலைக்கு எழுத்துவரியைக் கட்டாயமாக்கவில்லை, பதிவு செய்த காணொளிக்கு விலக்கு இல்லை. தானியங்கி எழுத்துவரி வீதிப் பெயர்களையும் எங்கள் ஆட்களின் பெயர்களையும் உருத்தெரியாமல் ஆக்கிவிடும். ஏற்றுவதற்கு முன் ஒருவர் இருந்து திருத்தவேண்டும். இரண்டு மணிநேரக் கூட்டத்துக்கு அந்த வேலை அரைநாளுக்குக் குறையாது. பைலோவில் "கூட்டம் முடிந்து இத்தனை வேலை நாளில் காணொளி ஏறும்" என்று எண் போடும்போது இதையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நாள் என்று கேட்டால் கொடுக்கக்கூடியது.

இன்னொன்று. முனிசிபல் சட்டத்தின் 259ஆம் பிரிவின்படி சபையின் தீர்மானம் இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் கூட்டங்களுக்கு வராதவரின் ஆசனம் வெற்றாகும். இணையவழியில் வந்தது வருகையாகக் கணக்கிடப்படுமா என்று பைலோ தெளிவாகச் சொல்லட்டும். "மின்னணு முறையில் பங்குபற்றும் உறுப்பினர், இணைப்பில் இருக்கும் நேரம் முழுவதும், எல்லா நோக்கங்களுக்கும் சமுகமளித்தவராகக் கொள்ளப்படுவார்" என்ற ஒரு வசனத்தைத் துண்டிப்பு உட்பிரிவுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

---

பனங்கூடல்

பணிப்பத்திரத்தைப் பார்த்தேன். நடைமுறை பைலோ பொருந்தும் என்ற வரி இருக்கிறது. ஆகவே கோரம், மூடிய அமர்வு, துண்டிப்பு, இருமடங்கு நேரம் நான்கையும் கொமிற்றிகளுக்கும் சேர்த்தே கேட்டு எழுதுகிறேன். மேசைக்குறிப்பு அண்ணா தந்த இரண்டு வசனங்களும் பின்னிணைப்பாகப் போகின்றன.

---

செவ்வந்தி

அனுப்புவதற்கு முன், ஒளிபரப்பைப் பற்றியும் ஒரு வசனம் சேருங்கள்: "பொதுமக்களுக்கான ஒளிபரப்பு தடைப்பட்டால் தலைவர் கூட்டத்தை இடைநிறுத்துவார். 30 நிமிடத்துக்குள் சீராகாவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, புதிய திகதி நகரசபை இணையத்தளத்தில் அன்றே அறிவிக்கப்படும்." தொலைபேசி இலக்கம் ஒன்று மாற்றுவழியாக இருந்தால் அது அறிவித்தலிலேயே அச்சாகியிருக்கவேண்டும். கூட்டம் நடுவில் நின்ற பிறகு இலக்கத்தை எங்கே போட்டாலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போய்ச் சேராது.